கேள்வி நேரம்: வேலைக்குப் போகிறவர்களின் காமிக்ஸ்

டிவி கார்ட்டூனில் வருகிற சுட்டிப் பையன் ஷின்-சான் முதன்முதலில் வந்தது குழந்தைகள் புத்தகத்தில் இல்லை, ஜப்பானில் வளர்ந்த ஆண்கள் படிக்கிற ஒரு வாரப் பத்திரிகையில் என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. பாலாற்று மணல் பற்றியும் வேலூர் பஸ் ஸ்டாண்ட் பற்றியும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தத்திலிருந்து ஒரு தாய்: என் பையன் தினமும் ஷின்-சான் பார்க்கிறான். ஆண்கள் பத்திரிகை என்றால் 'அந்த மாதிரி' பத்திரிகையா சார்? பார்க்க விடலாமா?

பயப்படாதீர்கள் அம்மா. 'அந்த மாதிரி' சரக்கு அங்கே தனி, அதற்கு அலமாரியே வேறு. 2019ல் ஜப்பானின் பெரிய செயின் கடைகள் மூன்றும் அதை விற்பதையே நிறுத்திக்கொண்டன. நான் சொன்னது 'மாங்கா ஆக்‌ஷன்' என்ற, அப்போது வார இதழாக வந்த பத்திரிகை, ஃபுத்தபாஷா என்ற பதிப்பகம் 1967ல் ஆரம்பித்தது. காலேஜ் பையன் முதல் ரிடையர் ஆகப்போகிறவர் வரை ரயிலில் உட்கார்ந்து பகிரங்கமாகப் படிக்கிற ரகம். 'செய்நென்' என்று இந்த வகைக்குப் பெயர். சிறுவர் இதழ்களில் கஷ்டமான சித்திர எழுத்துக்குப் பக்கத்திலேயே அதை எப்படிப் படிப்பது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். இவற்றில் பெரும்பாலும் அது இருக்காது, உனக்குப் படிக்கத் தெரியும் என்று விட்டுவிடுவார்கள்.

யோஷிதோ உசுய் 1990ல் ஷின்-சானை அதில்தான் வரைய ஆரம்பித்தார். அந்தக் கதையை நன்றாகக் கவனித்துப் பாருங்கள், கிண்டலடிக்கப்படுவது பையன் இல்லை, அப்பாவும் அம்மாவும்தான். வீட்டுக்கடன் கட்டிக்கொண்டு, நாற்றமடிக்கும் சாக்ஸோடு வீடு திரும்புகிற அப்பா. தள்ளுபடி என்றால் ஓடுகிற அம்மா. வேலை முடிந்து ரயிலில் போகிறவன் தன்னையே பார்த்துச் சிரித்த கதை அது. 1992ல் டிவிக்குப் போன பிறகுதான் குடும்பக் கார்ட்டூன் ஆனது, அச்சில் வந்த பக்கங்கள் அதைவிடக் கொஞ்சம் பச்சை. உசுய் 2009ல் மலையேறப் போன இடத்தில் விழுந்து இறந்துபோனார், அவருடைய உதவியாளர்கள் தொடரைத் தொடர்கிறார்கள். பையன் பார்க்கட்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் வயசு கேட்டால் சமாளிப்பது உங்கள் பாடு.

காட்பாடியிலிருந்து சீசன் டிக்கெட்டில் சென்னை போய்வருகிற வாசகர்: காமிக்ஸ் என்றாலே சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம். ஜப்பான்காரன் மட்டும் ஏன் வளர்ந்த பிறகும் விடவில்லை?

இது வாடகைப் புத்தகக் கடையில் ஆரம்பித்த கதை. போருக்குப் பிறகு அங்கே புத்தகம் வாங்கக் காசில்லை, ஆனால் வாடகைக்கு எடுத்துப் படிக்க முடிந்தது. நம் பக்கத்திலும் லெண்டிங் லைப்ரரிகள் இருந்தனவே, நாள் வாடகைக்கு நாவல் கொடுப்பார்களே, அதே ஏற்பாடு. அந்தக் கடைகளுக்கு வந்தவர்களில் நிறைய பேர் கிராமத்திலிருந்து பள்ளிப்படிப்பை முடித்த கையோடு நகரத்து ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் வேலைக்கு வந்த இளைஞர்கள். அவர்களுக்குப் பேசும் முயல் கதை எதற்கு? கொலை, வறுமை, ராத்திரித் தெரு, முதலாளி, கடன், இதெல்லாம் கேட்டார்கள். ஒசாகா பக்கத்து இளம் ஓவியர்கள் சிலர் அதை வரைந்து கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான யோஷிஹிரோ தட்சுமி 1957ல் தன் பாணிக்கு 'கெகிகா' என்று தனிப் பெயரே வைத்துக்கொண்டார், எங்களைச் சிறுவர் காமிக்ஸோடு சேர்க்காதே என்கிற வீம்புதான்.

அப்புறம் 1959ல் சிறுவர்களுக்கான வார இதழ்கள் வந்தன, வீடுகளுக்கு டிவியும் வந்தது, வாடகைக் கடைகள் படுத்துவிட்டன. 1964ல் 'காரோ' என்று ஒரு மாத இதழ். சம்பே ஷிராத்தோ வரைந்த ஒரு நெடுங்கதைக்கு இடம் கொடுக்கவே அதை ஆரம்பித்தார்கள்: பிறப்பால் ஒதுக்கப்பட்ட ஒருவன், அடிபட்டு எழும் விவசாயிகள், நிஞ்சாக்கள். போராட்டத்தில் இறங்கிய கல்லூரி மாணவர்கள் அதை விழுந்து விழுந்து படித்தார்கள். காரோவில் எழுதியவர்களுக்குப் பெயர் கிடைத்தது, காசு கிடைத்ததா என்றால் அது பெரிய சோகக் கதை.

பெரிய பதிப்பகங்கள் அதன் பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தன. 1959ல் நம் இதழை வாங்கிய பையன் இப்போது காலேஜில், நாளைக்கு வேலைக்குப் போவான், கையில் சம்பளம் இருக்கும், அவனை ஏன் கைவிட வேண்டும்? 1967ல் மாங்கா ஆக்‌ஷன், 1968ல் ஷோகாகுகானின் 'பிக் காமிக்'. பிக் காமிக் ஐந்து பெரிய தலைகளோடு கிளம்பியது: ஒசாமு தேசுகா, ஷிராத்தோ, ஷிகேரு மிசுகி, ஷோதாரோ இஷினோமோரி, தகாவோ சைட்டோ. அதில் தேசுகாவின் நிலைமைதான் சுவாரசியம். சிறுவர் காமிக்ஸின் கடவுள் என்று கொண்டாடப்பட்டவர், கெகிகாக்காரர்கள் வந்து தன்னைப் பழையவர் ஆக்கிவிட்டார்களே என்று பொருமிக்கொண்டிருந்தார். பிறகு அவர்களுடைய ஆட்டத்தையே இறங்கி ஆடினார். 'கிரிஹிதோ' (1970-71) என்ற தொடர், மனிதரை நாய் போல உருமாற்றும் ஒரு நோயையும் அதை வைத்து மருத்துவமனைக்குள் நடக்கும் பதவிச் சண்டையையும் பற்றியது. மனிதர் மருத்துவம் படித்தவர் வேறு, உள்விவகாரம் தெரிந்தே எழுதியிருக்கிறார். நம் ஊரில் ஆஸ்பத்திரி வராந்தாவில் அட்டெண்டராகக் காத்திருக்கும்போது மட்டும் அதைப் படிக்காதீர்கள்.

ஆம்பூரிலிருந்து தோல் ஏற்றுமதிக் கம்பெனி ஊழியர்: கோல்கோ 13 என்று ஒரு கதையை அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே ஆள் வரைந்தாராமே, நிஜமா?

அரை நூற்றாண்டு நிஜம், ஒரே ஆள் என்பது நிஜமில்லை. தகாவோ சைட்டோவின் குடும்பத் தொழில் சலூன், கொஞ்ச காலம் அவரும் கத்தரி பிடித்தவர்தான். ஓவியத்துக்கு வந்ததும் சினிமா கம்பெனி மாதிரி வேலையைப் பிரித்துவிட்டார். கதை எழுத ஆட்கள், கட்டடமும் வண்டியும் வரைய ஆட்கள், துப்பாக்கி வரைவதற்கென்றே ஆள். கூலிக்குக் கொலை செய்கிற, அதிகம் பேசாத அந்த நாயகன் 1968ல் பிக் காமிக்கில் வந்தான், 2020 மே மாதம் வரை தொடர் ஒருமுறைகூட நின்றதில்லை. கொரோனா வந்து, இத்தனை பேர் ஒரே அறையில் உட்கார்ந்து வரைய முடியாமல் போனபோதுதான் முதல் இடைவெளி. 2021 ஜூலையில் 201வது தொகுதி, கின்னஸ் சாதனை. செப்டம்பரில் சைட்டோ இறந்தார், வயது 84. நான் இல்லாவிட்டாலும் நடத்துங்கள் என்று சொல்லிவைத்திருந்ததால் தொடர் இன்னும் ஓடுகிறது.

உங்கள் தொழிலுக்குச் சம்பந்தமுள்ள ஒன்று: 2017ல் ஜப்பான் வெளியுறவு அமைச்சகம், வெளிநாட்டில் தொழில் செய்யும் சிறு, நடுத்தரக் கம்பெனிகளுக்கான பாதுகாப்புக் கையேடு போட்டது. அதில் எடுத்துச் சொல்பவன் யார் தெரியுமா, இந்தக் கூலிக் கொலைகாரன்தான். அரசாங்கத்துக்கும் அவனைவிட நம்பகமான ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

ஆற்காட்டிலிருந்து வங்கி ஊழியர்: எங்களைப் போல ஃபைல் பார்க்கிறவர்களை வைத்து யாராவது வரைந்திருக்கிறார்களா?

உங்களைத்தான் அதிகம் வரைந்திருக்கிறார்கள் சார். கென்ஷி ஹிரோகானே என்பவர் மத்சுஷிதா எலெக்ட்ரிக்கில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு விலகியவர். 1983ல் கோதான்ஷாவின் 'மார்னிங்' இதழில் கோசாகு ஷிமா என்ற செக்‌ஷன் மேனேஜரை உருவாக்கினார். கம்பெனிக்குக் கற்பனைப் பெயர், உள்ளே நடப்பது பழக்கமான அரசியல்: யார் எந்த கோஷ்டி, யாருக்கு எங்கே டிரான்ஸ்ஃபர். காமிக்ஸ் நாயகர்களுக்கு வயதே ஆகாது, ஷிமாவுக்கு ஆகிறது. படிப்படியாக புரமோஷன் வாங்கி 2008ல் கம்பெனித் தலைவர், 2013ல் சேர்மன், பிறகு ஆலோசகர், 2022 முதல் வேறொரு கம்பெனியில் வெளி இயக்குநர். அவனோடு வேலைக்குச் சேர்ந்த வாசகர்கள் அவனோடு நரைத்தார்கள், பாதிப் பேர் செக்‌ஷன் மேனேஜரைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஒரு அழகான பெண் ஷிமாமேல் மயங்குவாள், அவன் கேட்காமலே தொழில் ரகசியத்தையும் எடுத்துக் கொடுப்பாள். உழைப்பால் உயர்ந்தவன் கதை என்று சொல்லிவிட்டு ராத்திரி ரயிலில் காணும் பகல் கனவைத்தான் விற்கிறார்கள். 2024ல் இன்னொரு வம்பு: ஒகினாவாவில் அமெரிக்க ராணுவ தளத்தை எதிர்ப்பவர்கள் கூலிக்கு வருகிறவர்கள் என்பதுபோல ஒரு பாத்திரத்தைப் பேசவிட்டு, கண்டனம் எழுந்ததும் ஹிரோகானேயும் பத்திரிகையும் மன்னிப்புக் கேட்டார்கள்.

ஆம்பூரிலிருந்தே இன்னொருவர்: சாப்பாட்டை வைத்து காமிக்ஸ் உண்டா?

ஏகப்பட்டது. 'ஒய்ஷின்போ' 1983ல், பிக் காமிக்கின் தம்பி இதழான பிக் காமிக் ஸ்பிரிட்ஸில் தொடங்கியது. ஒரு சோம்பேறி நிருபர், சாப்பாட்டு விஷயத்தில் ஈவு இரக்கமே இல்லாத அவனுடைய அப்பா, இரண்டு பேரும் எதிரெதிர் அணி. அரிசியை எப்படிக் கழுவுவது என்பதற்கே ஒரு அத்தியாயம் போகும். 2014ல் ஃபுக்குஷிமா அணு உலைப் பகுதிக்குப் போய்வந்தவனுக்கு மூக்கில் ரத்தம் வருவதாகக் காட்டியதும் மந்திரிகள்வரை கண்டனம் தெரிவித்தார்கள், தொடர் நீண்ட ஓய்வுக்குப் போய்விட்டது. மார்னிங்கில் வரும் 'குக்கிங் பாப்பா' சாது: அப்பா சமைப்பார், கதையோடு செய்முறையும் தருவார்கள். சீரகச் சம்பா, காய்ந்த மிளகாய் விழுது, தொட்டுக்கொள்ள கத்தரிக்காய் என்று உங்கள் ஊர் பிரியாணியை வைத்து இருபது அத்தியாயம் தாராளமாக ஓட்டலாம். ஆற்காட்டு மக்கன் பேடாவுக்கு ஒரு சிறப்பிதழ்.

கம்மவான்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ராணுவ வீரர்: போரை எப்படிக் காட்டுகிறார்கள்? வீரமாகவா?

வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊரிலிருந்து கேட்கிறீர்கள் ஐயா, அதனால் ஒரே ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஷிகேரு மிசுகி. கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டு நியூ பிரிட்டன் தீவில் ரபவுல் பகுதிக்கு அனுப்பப்பட்டவர். மலேரியாவில் கிடந்தபோது குண்டுவீச்சில் இடது கை போனது. ஊர் திரும்பி, மிச்சமிருந்த ஒரு கையால் வாடகைப் புத்தகங்களுக்கு வரைந்து பிழைத்தார், பேய்க்கதைகளால் பெயர் வாங்கினார். 1973ல் அந்தத் தீவைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். தோற்றுப்போன பிறகும் கௌரவத்துக்காக எல்லோரும் சாகவேண்டும் என்று மேலிடம் உத்தரவு போடுகிறது. உயிரோடு தப்பி வந்தவர்களை ஏன் சாகவில்லை என்று கேட்கிறார்கள். அதில் தொண்ணூறு சதவீதம் உண்மை என்று அவரே எழுதியிருக்கிறார். வீரம் பற்றி ஒரு வரி இல்லை. பசி, வயிற்றுப்போக்கு, மேலதிகாரியிடம் அறை, இவை உண்டு. சிங்கப்பூரில் பிடிபட்ட நம் இந்திய சிப்பாய்களையும் ஜப்பானியர்கள் அதே தீவுக்குக் கொண்டுபோய் வேலை வாங்கினார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மிசுகி 2015ல், 93 வயதில் காலமானார்.

வாணியம்பாடியிலிருந்து நீட் தேர்வுக்கு இரண்டாவது முறை படிக்கும் மாணவி: ஆண்கள் பத்திரிகை என்கிறீர்களே, பெண்கள் யாரும் வரையவில்லையா?

நிறைய பேர். உங்களுக்கு ருமிகோ தகாஹாஷிதான் பொருத்தம். 1980ல் பிக் காமிக் ஸ்பிரிட்ஸின் முதல் இதழிலேயே அவருடைய 'மெசோன் இக்கோகு' வந்தது. நாயகன் நுழைவுத் தேர்வில் தோற்று மறுபடி படித்துக்கொண்டிருப்பவன். அவன் தங்கியிருக்கும் பழைய விடுதிக்கு மேனேஜராக வருகிறவள் ஒரு இளம் விதவை. ஏழு வருடம் மெதுவாகப் போகும் காதல். படிக்க விடாமல் கூத்தடிக்கும் பக்கத்து அறைக்காரர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் போல. அதே சமயத்தில் அவர் சிறுவர் வார இதழ் ஒன்றிலும் தொடர் வரைந்துகொண்டிருந்தார், எப்போது தூங்கினார் என்று யாராவது கேட்டுச் சொல்ல வேண்டும். தேர்வு முடிந்ததும் படியுங்கள், இப்போது வேண்டாம்.

ராணிப்பேட்டையிலிருந்து ஓவியம் வரையும் தம்பி: இதில் சம்பாத்தியம் எப்படி அண்ணா? அங்கே போனால் பிழைக்கலாமா?

பிழைத்தவர்கள் ராஜா மாதிரி பிழைத்திருக்கிறார்கள், மற்றவர்கள் பற்றி யாரும் பேசுவதில்லை. ஏற்பாடு இதுதான்: பத்திரிகை பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கும். வார இதழ் என்றால் வாரா வாரம் பதினெட்டு, இருபது பக்கம். முதலில் பென்சிலில் கட்டம் பிரித்து வசனம் போட்ட மாதிரிப் பிரதி, அதை எடிட்டர் பார்ப்பார், இது வேண்டாம் அதை மாற்று என்பார், மறுபடி வரைய வேண்டும், ஒத்துக்கொண்ட பிறகுதான் மை. பின்னணி வரைய உதவியாளர்கள் வேண்டும், அவர்கள் சம்பளம் உன் பையிலிருந்து. அதனால் பக்கக் கூலி பெரும்பாலும் அதிலேயே கரைந்துவிடும். அத்தியாயங்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போடும்போது வரும் ராயல்டிதான் நிஜ வருமானம், வழக்கமாக விலையில் பத்து சதவீதம். பத்திரிகையிலேயே பெரிய லாபம் பதிப்பகத்துக்கும் இல்லை, மலிவுத்தாளில் அடித்து வாசகனைப் பிடிக்கிற வேலைதான் அது. வாசகர் ஓட்டு குறைந்தால் தொடரைப் பாதியில் வெட்டுவார்கள்.

உடம்பும் போகும். 'பெர்செர்க்' வரைந்த கென்ட்டாரோ மியூரா 1989ல் தொடங்கிய கதையை முடிக்காமலே 2021 மே மாதம் 54 வயதில் இறந்தார். ஒவ்வொரு கவசத்தின் ஒவ்வொரு தட்டையும் வரைகிற ஆள் அவர். கதை எங்கே முடியும் என்று முன்பே தன் நண்பர் கோஜி மோரியிடம் சொல்லியிருந்ததால், மோரி ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல, மியூராவின் உதவியாளர்கள் 2022லிருந்து வரைந்து வருகிறார்கள். தகேஹிகோ இனோவே தூரிகையால் வரைந்த 'வாகபாண்ட்' 37 தொகுதி வந்து 2015லிருந்து அப்படியே நிற்கிறது. சாமுராய் கதையில் அந்த மாதிரி முகங்களை வேறு யாரும் வரைந்ததில்லை என்பேன், அதற்கு அவர் கொடுத்த விலையும் தெரிகிறது. நீ முதலில் இங்கேயே எட்டுப் பக்கத்தில் ஒரு முழுக் கதை வரைந்து அனுப்பு, பார்ப்போம். தொடர் எல்லாம் அப்புறம்.

வாலாஜாபேட்டையிலிருந்து பழைய காமிக்ஸ் சேகரிப்பாளர்: நம்மிடம் ஏன் அப்படி ஒன்று உருவாகவில்லை?

வாசகர் இல்லாமல் இல்லை. சிவகாசியிலிருந்து 1972ல் முத்து காமிக்ஸ், 1984ல் லயன் காமிக்ஸ் வந்தன. அன்று இரும்புக்கை மாயாவி படித்த பையன்கள் இன்று பேரன் பேத்தி எடுத்த பிறகும் டெக்ஸ் வில்லருக்கு சந்தா கட்டுகிறார்கள், நீங்களே சாட்சி. ஓவியர்களும் இல்லாமல் இல்லை, நம் வார இதழ்களில் ஜெயராஜ், மாருதி, மணியம் செல்வன் வரைந்த முகங்களைக் கண்ணை மூடினால்கூடப் பார்க்கலாம். ஆனால் அவர்களுக்கு நாம் கொடுத்தது எழுத்தாளர் கதைக்குப் பக்கத்தில் ஒரு கட்டம். கதையையே படத்தில் சொல்லு, வாரம் இருபது பக்கம் உனக்கு என்று எந்த முதலாளியும் சொல்லவில்லை. வளர்ந்த வாசகனுக்கான காமிக்ஸ் பெரும்பாலும் இத்தாலியிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் வந்து தமிழ் பேசியது. நன்றாகவே பேசியது, அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் அதில் வருகிற ஷெரீஃபுக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிஃப்ட் மாறுகிற நேரம் தெரியாது, பையனுக்கு ஃபீஸ் கட்ட அலைகிற அப்பாவைத் தெரியாது. பத்திரிகைகள் நல்ல விற்பனையில் இருந்த காலத்தில் செய்திருக்கலாம். இப்போது ஜப்பானிலேயே பத்திரிகை இறங்குமுகம்: 'பிசினஸ் ஜம்ப்', 'சூப்பர் ஜம்ப்' இரண்டையும் 2011ல் மூடி ஒன்றாக்கிவிட்டார்கள், 2017ல் டிஜிட்டல் காமிக்ஸ் விற்பனை அச்சுத் தொகுதிகளைத் தாண்டிவிட்டது. ரயிலில் எல்லோரும் ஃபோனில்தான் படிக்கிறார்கள், காட்பாடி வாசகருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

சோளிங்கரிலிருந்து ஒரு வாசகர்: ஆங்கிலத்தில் ஒன்று வாங்கினேன், கடைசிப் பக்கம் முதலில் இருக்கிறது. பைண்டிங் தப்பா, திருப்பிக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள், அது அப்படித்தான். அட்டையைத் திருப்பி வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் மேலே வலது மூலையில் ஆரம்பித்து இடப்பக்கமாகப் போங்கள், பத்துப் பக்கத்தில் பழகிவிடும். எண்பதுகளில் அமெரிக்காவில் போட்டபோது வாசகர் சிரமப்படக் கூடாதென்று படங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி அச்சடித்தார்கள். கசுவோ கொய்கே எழுதி கோசேகி கோஜிமா வரைந்த, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும் கொலையாளி சாமுராயின் கதையும் அப்படித்தான் வந்தது. விளைவு, ஊரில் உள்ள அத்தனை சாமுராயும் இடதுகைக்காரன்.